உப்பு ஜாதிக்காயும் ஓர் ஊதலும்

நான் ஓய்வு பெற்ற வாரம், எங்கள் ஃபேக்டரியில் புதிதாகச் சேர்ந்திருந்த இன்ஜினியர் பெண் ஒருத்தி என் உள்ளங்கையில் எதையோ வைத்தாள். "அக்கா, உங்க காலத்துல இந்த சிப் எவ்ளோ பெருசா இருந்துச்சு?" என்று கேட்டாள். நான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கையை முகத்தருகே கொண்டுபோய்ப் பார்த்தேன். "அது இருக்கட்டும்மா. மொதல்ல இது எங்க இருக்குன்னு காட்டு லா" என்றேன். அவள் சிரித்துவிட்டு, ஃபேக்டரி மலருக்கு என் அனுபவத்தை ஒரு பக்கம் எழுதித் தரச் சொன்னாள். எழுதிக் கொடுத்தேன். பஸ், கேன்டீன், விளையாட்டுப் போட்டி, எல்லாருக்கும் நன்றி என்று நல்ல பிள்ளையாக ஒரு பக்கம். அந்தப் பக்கத்தில் எழுதாமல் விட்டதை இப்போது எழுதுகிறேன். எனக்கு வளவளவென்று பேசத்தான் வரும், சுருக்கத் தெரியாது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

எழுபதுகளின் தொடக்கத்தில், மலேசியாவின் பினாங்குத் தீவில், பாயான் லெப்பாஸ் பக்கம் பாதி வயல், பாதி ஃபேக்டரி. எனக்குப் பத்தொன்பது வயது. ஜெலுத்தோங்கிலிருந்து ஃபேக்டரி பஸ் ஏறிப் போனால், ஒரு பக்க ஜன்னலில் எருமைகள், மறுபக்க ஜன்னலில் வெள்ளைச் சுவர்கள். பயிற்சி மூன்று வாரம். இடுக்கியைப் பிடிப்பது எப்படி, மூச்சை அடக்குவது எப்படி, உட்கார்ந்த இடத்தில் முதுகை எப்படி மறப்பது, அவ்வளவுதான். மூன்றாம் வாரம் முடிந்ததும் மைக்ராஸ்கோப் முன்னால் உட்காரவைத்துவிட்டார்கள்.

அந்த மைக்ராஸ்கோப்பைப் பற்றி யார் கேட்டாலும் என்னால் சரியாகச் சொல்ல முடிந்ததில்லை. இரண்டு கண்ணையும் பொருத்திக் குனிந்தால் சத்தமெல்லாம் எங்கோ போய்விடும். கீழே ஓர் ஊர் தெரியும். பினாங்கு மலை உச்சியிலிருந்து விளக்கேற்றிய ஜார்ஜ் டவுனைப் பார்ப்பது மாதிரி, தெருத் தெருவாக, சந்து சந்தாக, வெள்ளி நிறத்தில். ஊரின் ஓரத்தில் சதுரம் சதுரமாகச் சின்ன மேடைகள். தலைமுடியில் மூன்றில் ஒரு பங்கு கனமுள்ள தங்கக் கம்பியை அந்த மேடையில் ஒட்டி, வளைத்து, வெளியே இருக்கும் உலோகக் காலில் மறுமுனையை ஒட்ட வேண்டும். ஒரு சிப்புக்குப் பதினான்கு கம்பி. ஒட்டி முடித்ததும் அது அடுத்த அறைக்குப் போய்க் கறுப்புப் பிளாஸ்டிக்குள் மூடப்படும். அப்புறம் அந்த ஊரை எவரும் பார்க்கப் போவதில்லை. நான்தான் கடைசியாகப் பார்த்தவள் என்று நினைத்துக்கொள்வேன். அந்த நினைப்பில் எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. வீட்டுக்கு வந்து கண்ணை மூடினாலும் அந்தத் தெருக்கள் ஓடிக்கொண்டே இருக்கும். சில நாள் அந்தத் தெருக்களில் நான் நடந்துபோவது போலவே கனவு வரும்.

ஆனால் ஏசி குளிரில் ஒரே ஒளியையே பார்த்துக்கொண்டிருந்தால் தூக்கம் வராமல் இருக்குமா? பத்து மணிக்கெல்லாம் கண் செருகும். பக்கத்து மேசை மலாய்ப் பெண் ரொக்கியா, "அலாமாக், நான் இப்பவே குறட்டை விட்டுருவேன்" என்பாள். எங்களோடு பழகிப் பழகி அவளுக்குத் தமிழ் தண்ணிபட்ட பாடு. இதற்கு மருந்து கண்டுபிடித்தவள் நான்தான். பினாங்கில் உப்பு ஜாதிக்காய்க்கா பஞ்சம்? ஜாதிக்காய்ப் பழத்தின் சதையைக் கீற்றாக்கி உப்பில் ஊறவைத்துக் காயவைப்பார்கள். ஆயர் ஈத்தாம் பசாரில் பொட்டலம் வாங்கி, ஒரு கீற்றைக் கன்னத்தில் அடக்கிக்கொள்வேன். மெல்லக் கூடாது, அடக்கிக்கொள்ள வேண்டும். உப்பும் காரமும் ஊறி ஊறித் தொண்டையில் இறங்க, தூக்கம் தலைதெறிக்க ஓடிவிடும். வேலையிடத்தில் வாயில் எதுவும் இருக்கக் கூடாது என்பது சட்டம். கன்னத்தில் இருப்பது யாருக்குத் தெரியும்?

இன்னொரு வித்தையும் என்னுடையது. சிப்பின் மேல் சில நேரம் ஒரு தூசி வந்து உட்காரும். ஊருக்கு நடுவே பாறாங்கல் விழுந்தது மாதிரி தெரியும். இடுக்கியால் எடுத்தால் கீறல் விழும். பிள்ளையின் கண்ணில் தூசி விழுந்தால் என்ன செய்வோம்? அதைத்தான் செய்தேன். தலையை வலப்பக்கம் சரித்து, உதட்டைக் குவித்து, மெல்ல ஒரு ஊதல். லென்ஸில் ஆவி படியாமலிருக்கத்தான் தலையைச் சரிப்பது. தூசி பறந்துவிடும். என் மேசையில் பழுதென்று ஒதுக்கிய சிப் எப்போதும் குறைவு. அதனாலேயே நாலாம் வருடத்தில் என்னைப் பயிற்சியாளர் ஆக்கினார்கள். வருகிற பெண்களுக்கெல்லாம் தாளில் எழுதியதைச் சொல்லிக்கொடுத்துவிட்டு, தாளில் இல்லாத இந்த இரண்டையும் காதோடு சொல்லிக்கொடுப்பேன்.

அப்படி வந்தவள்தான் அஞ்சலை. என் வயதுதான். கடலுக்கு அக்கரையில் இருக்கும் பிறையிலிருந்து ஃபெரி ஏறி, இறங்கி, பஸ் பிடித்து வருவாள். அப்பா லோரி விபத்தில் காலை இழந்தவர், வீட்டில் இவள் ஒருத்தி சம்பாத்தியம். ஒரு வேலையைச் சொன்னால் சொன்னபடியே செய்வாள், ஒரு மயிரிழை கூடக் குறையாது. நாங்கள் இரண்டு பேரும் ஒரே டிபனில் சாப்பிட்டோம், ஒரே நாளில் லீவு போட்டோம், தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலைக்கு ஒன்றாக நடந்தோம். "வாயாடி, வாயை மூடுறியா கொஞ்சம்?" என்று என்னைத் திட்டும் உரிமை அவள் ஒருத்திக்குத்தான் இருந்தது.

இதற்கிடையில் சிப் சின்னதாகிக்கொண்டே போனது. விரல் நகத்தில் பாதி இருந்தது மிளகளவு ஆனது, மிளகு கடுகானது. ஊர் சுருங்கியது, ஆனால் தெருக்கள் பெருகின. போன வருடம் இரண்டு தெருவுக்கு நடுவே இருந்த வெளியில் இந்த வருடம் நாலு தெரு ஓடும். இன்ஜினியர்கள் பெருமையாகச் சொல்வார்கள். நாங்கள் லென்ஸை மாற்றிக்கொண்டு, அதே கையால், அதே ஜாதிக்காயோடு, அதே ஊதலோடு வேலை செய்தோம். சுருங்கச் சுருங்க அந்த ஊருக்கு எங்கள் மூச்சு எவ்வளவு பெரிய புயல் என்று எங்களுக்கு யார் சொல்வார்கள்?

தரக்கட்டுப்பாட்டுக்குத் தலைவராக இருந்தவர் மிஸ்டர் கனகசபை. யாழ்ப்பாணத்துக் குடும்பம். அவருடைய தகப்பனார் ரயில்வேயில் கிளார்க்காக இருந்தவர். இவரும் கையெழுத்துப் போடும்போது கூட அடியில் ஸ்கேல் வைத்துத்தான் போடுவார். குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. ஒரு கேள்வியைக் கேட்டுவிட்டுப் பேனாவை மூடிவைத்துக் காத்திருப்பார். பதில் வரும்வரை பேனா திறக்காது. அந்த மௌனத்துக்குப் பயந்தே பாதிப் பேர் உண்மையைச் சொல்லிவிடுவார்கள்.

எண்பதுகளின் நடுவில் ஒரு திங்கட்கிழமை, வாடிக்கையாளரிடமிருந்து ஒரு பெட்டி திரும்பி வந்தது. எங்களுடைய புதிய சிப்கள். இங்கே எல்லாச் சோதனையிலும் தேறிப் போனவை, அங்கே போய்ச் சில மாதத்தில் ஒவ்வொன்றாகச் செத்திருந்தன. இந்த வகைச் சிப்பை எங்களிடமே விட்டுவைப்பதா, வேறு நாட்டுக்கு மாற்றுவதா என்று கடிதத்தில் கேட்டிருந்தார்களாம். கனகசபை அமிலம் விட்டுப் பிளாஸ்டிக்கைக் கரைத்து உள்ளே பார்த்தார். மறுநாள் காலை என்னைக் கூப்பிட்டனுப்பினார்.

"பிள்ளை, இஞ்ச வாரும். இதைப் பாரும்."

குனிந்து பார்த்தேன். என் ஊர் அழுகிப் போயிருந்தது. வெள்ளித் தெருக்கள் அரித்து, பூஞ்சை பூத்த ரொட்டி மாதிரி வெள்ளையாகப் பொங்கி, சில மேடைகள் இருந்த இடமே தெரியவில்லை.

"உப்பு" என்றார். "உப்பும் ஈரமும் சேர்ந்து அலுமினியத்தைத் திண்டிருக்கு. முந்திப் பெரிய சிப்பில ஒரு துளி பட்டாலும் தாங்கும். இது தாங்காது. எல்லாத்திலயும் ஒரே மூலைதான் பழுதாகியிருக்கு. வேலை செய்யிறவரின்ட பக்கம் பாக்கிற மூலை. ஆரார் செய்தது எண்டு எழுதின லாட் கார்டு முழுக்கப் பாத்திட்டன். எல்லாம் ஒரே ஆளின்ட நம்பர்."

அஞ்சலையின் நம்பர்.

நான் லைனுக்குப் போய் அவளுக்குப் பின்னால் நின்றேன். அவள் என்னைக் கவனிக்கவில்லை. குனிந்திருந்தாள். ஒரு சிப் முடிந்தது. தலை வலப்பக்கம் சரிந்தது. உதடு குவிந்தது. அடுத்த சிப். மறுபடியும் தலை சரிந்தது. மற்ற பெண்கள் தூசி கண்ணில் பட்டால்தான் ஊதுவார்கள். பாதிப் பேருக்கு அந்த அக்கறையும் கிடையாது. இவள் தூசி இருந்தாலும் இல்லாவிட்டாலும், ஒவ்வொன்றையும், நான் சொல்லிக்கொடுத்த மாதிரியே ஊதிக்கொண்டிருந்தாள். அவள் இடது கன்னம் லேசாக உப்பியிருந்தது. எங்கள் லைனிலேயே பொறுப்பானவள் அவள்தான், அதிகமாகக் கெடுத்தவளும் அவளே.

கனகசபையிடம் திரும்பிப் போய், "சார், ஊதுறாங்க சார். வாயில உப்பு ஜாதிக்காய் வேற இருக்கு" என்றேன். அதுவரை சரி. அவர் பேனாவை மூடி வைத்தார்.

"ஆர் பழக்கினது?"

அந்த வாரம்தான் எனக்கு சூப்பர்வைசர் பதவி உறுதியாகியிருந்தது. கடிதம் டைப் ஆகிவிட்டது, கையெழுத்துதான் பாக்கி என்று ஆபீஸில் சொல்லியிருந்தார்கள். எங்கள் லைனில் அந்த நாற்காலியில் ஒரு தமிழ்ப் பெண் அதுவரை உட்கார்ந்ததில்லை. நான் தரையைப் பார்த்தேன்.

"தெரியல சார்" என்றேன்.

அவர் பேனாவைத் திறக்காமலேயே சட்டைப் பைக்குள் செருகினார். ஊதிய தட்டு ஒன்று, ஊதாத தட்டு ஒன்று தயார் செய்து, பிளாஸ்டிக் மூடி, நீராவிப் பானையில் வைக்கச் சொன்னார். அது அழுத்தத்தில் ஆவி பிடிக்கும் இரும்புப் பெட்டி. நாங்கள் அதைப் புட்டுப்பானை என்போம். நாலு நாள் அதற்குள் வெந்தால் சில வருட மழையும் வெயிலும் பார்த்ததற்குச் சமம் என்பார்கள். செவ்வாய் மத்தியானம் ஏற்றினோம். அந்த நாலு நாளும் எனக்கு எதுவும் நிஜமாகத் தோன்றவில்லை. அஞ்சலை பேசுவது தண்ணீருக்கடியிலிருந்து கேட்டது. பானையின் ஓரத்தில் கசியும் ஆவியைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். இரண்டு தட்டும் நல்லபடியாகப் பிழைத்து வந்துவிட வேண்டும், தப்பு வேறு எங்கோ இருக்க வேண்டும் என்று முருகனிடம் வேண்டிக்கொண்டேன். முருகனுக்கு வேறு வேலை இல்லையா?

சனிக்கிழமை மத்தியானம் திறந்தோம். ஊதாத தட்டில் எல்லாம் பிழைத்திருந்தன. ஊதிய தட்டில் பாதி செத்திருந்தது, அதே மூலை.

திங்கட்கிழமை விசாரணை. மேனேஜர் வெள்ளைக்காரர். அவர் இங்கிலீஷில் கேட்பதைக் கனகசபை தமிழில் சொன்னார். பயிற்சியாளர் என்பதால் நானும் சுவரோரம் நின்றேன். அஞ்சலை மேசைக்கு முன்னால் நின்றாள், உடுப்பின் கைப்பகுதியை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டிருந்தாள். வாயில் ஜாதிக்காய் வைத்திருந்தாயா என்றார்கள். ஆமாம் என்றாள். ஊதினாயா? ஆமாம். சட்டத்தில் இல்லாததை ஏன் செய்தாய், இந்தப் பழக்கத்தை உனக்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள்?

அவள் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தாள்.

கோபமாகப் பார்க்கவில்லை. கெஞ்சவும் இல்லை. பஸ்ஸில் இடம் பிடித்து வைத்துக்கொண்டு, வாடி என்று பார்ப்பாளே, அப்படிப் பார்த்தாள். ஏசி இரைந்தது. நான் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தேன். பிறகு அவள் மேனேஜர் பக்கம் திரும்பி, "யாரும் சொல்லிக் குடுக்கல சார்" என்றாள்.

விதியை மீறி வேலையிடத்தில் தின்றது, பொருளைக் கெடுத்தது. அன்றே வேலை அட்டையை வாங்கிக்கொண்டு அனுப்பிவிட்டார்கள். அவள் லாக்கரைக் காலி செய்யும்போது நான் கழிப்பறைக்குள் உட்கார்ந்திருந்தேன். வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் சொல்கிறேன்.

சாயங்காலம் பஸ்ஸுக்குப் போகும் வழியில் கனகசபை என்னை நிறுத்தினார். "பிள்ளை, இண்டைக்கு லைன் முழுக்க நடந்து பாத்தன். ஊதிற ஆக்கள் எல்லாரும் வலப்பக்கம் தலையைச் சரிச்சுத்தான் ஊதுகினம். ஒரே ஆளிட்டப் படிச்ச மாதிரி." குடையை விரித்தார், மழை இல்லை, வெயிலுக்கு. "என்ட அறிக்கையை நாளைக்குத்தான் எழுதி முடிப்பன்" என்று சொல்லிவிட்டு நடந்துபோனார். என் தலையில் ஒரு குட்டு வைத்திருந்தால் கூட அவ்வளவு வலித்திருக்காது.

மறுநாள் காலை அவர் மேசைக்கு முன்னால் போய் நின்றேன். "நான்தான் சார். ஊதச் சொன்னதும் நான், ஜாதிக்காய் குடுத்ததும் நான். எல்லாருக்கும் நான்தான் சொல்லிக் குடுத்தேன்." அவர் பேனாவைத் திறந்தார். எல்லாவற்றையும் எழுதிக்கொண்டு, என்னைக் கையெழுத்துப் போடச் சொன்னார். அடியில் வைத்துக்கொள்ளத் தன் ஸ்கேலைத் தள்ளினார். பிறகு, "ஒரு நாள் முந்திச் சொல்லியிருக்கலாம்" என்றார்.

அவர் மேனேஜரிடம் என்ன வாதாடினார் என்று தெரியாது. குற்றம் ஆளுடையதல்ல, பயிற்சியுடையது என்று முடிவானது. எல்லா மேசைக்கும் கையால் அழுத்திக் காற்றடிக்கும் ரப்பர் குமிழ் வந்தது, வாய்க்குத் துணி மறைப்பு வந்தது. அந்த வகைச் சிப்பும் எங்களிடமே தங்கியது. என் சூப்பர்வைசர் கடிதம் கிழிந்தது. அஞ்சலையைத் திரும்ப எடுத்துக்கொள்ளும் கடிதத்தை நானே கொண்டுபோகிறேன் என்று கேட்டு வாங்கிக்கொண்டேன்.

அன்று சாயங்காலமே ஃபெரி ஏறினேன். கடல் அசையாமல் பால் மாதிரி கிடந்தது. பிறைப் பக்கத்துப் புகைபோக்கிகள் மங்கலாக மிதந்தன. மேல்தளத்தில் காற்று வாங்கிக்கொண்டு நின்றபோது, உண்மையைச் சொல்கிறேன், எனக்குச் சந்தோஷமாக இருந்தது. பதவியை விட்டுக்கொடுத்துத் தோழியைக் காப்பாற்றியவள் என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன். கடிதத்தைப் பார்த்ததும் அவள் கட்டிக்கொண்டு அழுவாள், நானும் அழுவேன் என்று அந்த அளவுக்குக் கனவு கண்டு வைத்திருந்தேன்.

அஞ்சலை வாசலில் துணி மடித்துக்கொண்டிருந்தாள். கடிதத்தைக் கொடுத்து, "நான் எல்லாத்தையும் சொல்லிட்டேன்டி. நான்தான் சொல்லிக் குடுத்தேன்னு எழுதியே குடுத்துட்டேன்" என்றேன். அவள் கடிதத்தை இரண்டு முறை படித்தாள். நாலாக மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தாள்.

"எப்ப சொன்ன?"

"இன்னிக்குக் காலைல."

"நேத்து அந்த ரூம்ல நான் ஏன் உன் பேரச் சொல்லல தெரியுமா?" என்றாள். அவள் குரலில் சண்டை இல்லை. "உன்னக் காப்பாத்தணும்னு இல்லடி. எங்கப்பாவ வச்சுக்கிட்டு நான் யாரக் காப்பாத்துறது? நீயே சொல்லுவேன்னு நெனச்சேன். சொல்றதுக்குத்தான் நீ அங்க நிக்கிறேன்னு நெனச்சேன்."

அவள் உள்ளே போய் ஒரு கப் மைலோ கலந்துகொண்டு வந்து, "குடி, ஃபெரில கூட்டம் ஆயிரும்" என்றாள். குடித்தேன். சூட்டில் நாக்கு வெந்ததுதான் நினைவிருக்கிறது.

வியாழக்கிழமை அவள் வேலைக்கு வந்தாள். பல வருடம் ஒரே ஃபேக்டரியில் இருந்தோம். ஒன்றாகத்தான் சாப்பிட்டோம், அவள் கல்யாணத்துக்கு நான்தான் பூ கட்டினேன், அவள் அப்பா தவறியபோது முதலில் எனக்குத்தான் ஆள் அனுப்பினாள். இப்போதும் தீபாவளிக்கு முறுக்கு வரும். அந்தப் பேச்சை மட்டும் அவளும் எடுத்ததில்லை, நானும் எடுத்ததில்லை. இதை அவள் படிப்பாள், மகளிடம் கொடுத்தாவது படிக்கச் சொல்வாள். அஞ்சலை, அந்த ரூமில் நீ என்னைத் திரும்பிப் பார்த்தபோது, எதற்குப் பார்க்கிறாய் என்று எனக்குப் புரிந்தது. புரிந்துகொண்டுதான் காலண்டரைப் பார்த்தேன்.